குங்குமக் கெண்டையில் பெட்டை எது

நாராயணப்பன் யாருக்கும் பெட்டை மீன் கொடுப்பதில்லை.

மீன் கொடுக்கமாட்டார் என்று இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தார். கவரில் பாதித் தண்ணீர், மீதி காற்று அடைத்து, வாயை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, ‘வெயில் படாம எடுத்துட்டுப் போங்க’ என்று புத்தியும் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் கொடுத்தது அத்தனையும் ஆண். அது கொடுத்த ஆளுக்குத் தெரியும். வாங்கினவர்களுக்குத் தெரியாது.

தெரிய வழியும் இல்லை. குங்குமக் கெண்டை ஆள்காட்டி விரல் நீளம்கூட வராத மீன். செவுளுக்குப் பின்னால் குங்குமத்தைத் தொட்டு இழுவினாற்போல ஒரு சிவப்பு. ஆணுக்கும் உண்டு, பெட்டைக்கும் உண்டு. வயிறு பெருத்திருந்தால் பெட்டை என்று நினைப்பவன் ஏமாந்தான். வயிறு முட்டக் கொசுப்புழு தின்ற ஆணும் அப்படித்தான் இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழிதான். மீனைக் கண்ணாடி கிளாசில் விட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். அது ஒருக்களித்துத் திரும்புகிற நொடியில் அடித்துடுப்பு உடம்போடு ஒட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். பெட்டையாக இருந்தால் அங்கே அரைக் கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு தெரிந்து மறையும். ஆணுக்கு இருக்காது. இருபத்தாறு வருஷம் உலைக்கு முன்னால் நின்று, உருகின இரும்பின் நிறத்தை வைத்தே பதம் சொன்ன கண் நாராயணப்பனுடையது. அந்தக் கறுப்பைக் கண்டுபிடித்தது அவர்தான். யாருக்கும் சொல்லவில்லை. பெண்சாதி முனிலட்சுமிக்குக்கூடச் சொல்லவில்லை.

இந்த மீன் புங்கேரியில் இருந்தது. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன ஏரி அது. வேறு எந்த ஏரியிலும் குங்குமக் கெண்டையை யாரும் பார்த்ததில்லை. முலாம் பூசுகிற கம்பெனி ஒன்று பின்பக்கக் குழாயை ஏரிப் பக்கம் திருப்பிவிட்டதும் தண்ணீர் பச்சையாகி, பிறகு நீலமாகி, பிறகு நுரைத்தது. நாராயணப்பன் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை மனு எழுதிக்கொண்டு போனார். நாலு தடவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் தடவை போகாமல், கொசுவலையை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கி முப்பத்தி ரெண்டு மீனை அள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் ஏரியில் மண்ணைக் கொட்டி நிரவி லாரி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். மண்ணுக்குக் கீழே என்ன செத்தது என்று எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை.

வீட்டில் வளர்த்து, மீன் பெருகினபோது செய்த தப்பு ஒன்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிற மூர்த்தியிடம் பெட்டையும் ஆணுமாக நாற்பது மீனைக் கொடுத்து, ‘உங்கிட்டயும் ஒரு பங்கு இருக்கட்டும்ப்பா, விக்காத’ என்றார். ஒரே மாதத்தில் நாற்பதையும் மூர்த்தி பெங்களூர்க்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டான். அன்றைக்குத்தான் நாராயணப்பன் முடிவு செய்தார். இனி எவன் கையிலும் பெட்டை போகாது. பெட்டை இல்லாமல் எவனும் குஞ்சு எடுக்க முடியாது. குஞ்சு எடுக்க முடியாதவன் எதை விற்பான்?

இது தெரியாமல் இரண்டு பேர் அவரை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் அண்ணாதுரை. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான், குடியிருப்பு காவேரிப்பட்டினம். இன்னொருத்தி பொற்கொடி. விருதுநகர்ப் பக்கம். ஓசூரில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை, ராயக்கோட்டை ரோடு ஹவுசிங் போர்டில் வீடு. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நாராயணப்பன் வீட்டுக்கு வருவார்கள். ஒரே வீட்டில் இருந்தால் ஒரு கரண்ட் கட்டில் வம்சமே போய்விடும், மூன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது அண்ணாதுரையின் சட்டம். நாராயணப்பனும் தலையை ஆட்டிவிட்டு மீனைக் கொடுத்தார். ஆண் மீனை.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒரே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே, இந்தத் தடவையும் முட்டை விடலண்ணே. நீங்க சொன்ன மாதிரி ஜன்னல்ல சாக்கக் கட்டி வெளிச்சத்தக் கொறச்சுட்டேன். ஒண்ணும் நடக்கல” என்பாள் பொற்கொடி.

“தண்ணி கடினமா இருக்கும்மா உங்க பக்கம்.”

“கேன் தண்ணிதாண்ணே ஊத்துறேன். நாங்க குடிக்கிறது போர் தண்ணி.”

“அப்போ ராசி.”

“எங்கிட்ட மட்டும் என்ன வாழுது?” என்பான் அண்ணாதுரை. “ஒம்பது மீனும் பொழுதன்னைக்கும் ஒண்ணையொண்ணு வெரட்டிக்கிட்டே கெடக்கு. என் வீட்டுக்காரி கேக்கா, இது மீனா ரவுடிப் பயலுவளான்னு. அண்ணாச்சி, நீங்க குஞ்சு எடுத்த சோடியில ஒண்ணக் குடுங்களேன், பாப்போம்.”

“இடம் மாத்துனா அது முட்டை போடாதுப்பா.”

இப்படி ஒவ்வொரு மாதமும் ஒரு பொய். முதலில் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. பிறகு பழகிவிட்டது.

இரண்டாயிரத்து எட்டு சித்திரையில் பிடித்தது சனி.

குங்குமக் கெண்டைக்கு முட்டை விட ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டைகளையும் ஆண்களையும் பத்து நாள் தனித்தனித் தொட்டியில் பிரித்து வைக்க வேண்டும். கோடையில் விழுகிற மழைத்தண்ணீரை இரண்டு தொட்டியிலும் ஊற்ற வேண்டும். புதுத் தண்ணீரின் குளிர்ச்சி பட்டதும் பெட்டை அலைய ஆரம்பிக்கும். மறுநாள் சேர்த்துவிட்டால் தொட்டிக்குள் போட்டு வைத்த வேர்க்கொத்தில் முட்டை ஒட்டும். நாராயணப்பன் வீட்டுக் கூரை தகரம். தகரத்தின் ஓரத்தில் பிவிசி குழாயை அறுத்துக் கட்டி, மழையை நீல டிரம்மில் இறக்குவார். முதல் பத்து நிமிஷத்துத் தண்ணீரை டிரம்மில் விடமாட்டார், கூரை கழுவிப் போகட்டும் என்று தெருவில் விட்டுவிடுவார். நாலு வருஷமாக அப்படித்தான் செய்தார். நாலு வருஷமும் குஞ்சு வந்தது.

அந்த வருஷம் வீட்டில் இருந்த பதினாலு பெட்டையும் தனித்தொட்டியில் வயிறு வெடிக்கிறாற்போல நின்றன. மழை வரவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் முட்டை வயிற்றுக்குள்ளேயே கட்டிப்போய் பெட்டை வீணாகிவிடும். போர் தண்ணீரை ஊற்ற முடியாது, உப்பு. ஒருநாள் மத்தியானம் மேற்கே கறுத்தது. மழை விழுந்தது. விழுந்த லட்சணத்தைப் பார்த்ததும் நாராயணப்பனுக்குத் தெரிந்துவிட்டது, இது கால் மணி நேர மழை. பத்து நிமிஷத்தைத் தெருவில் விட்டால் மிச்சம் ஒரு குடம்கூடத் தேறாது.

தீபாவளிக்குப் பிறகு பின்தெருவில் பழைய பேட்டரியை உருக்குகிற பட்டறை ஒன்று வந்திருந்தது. விடிந்தால் தகரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மாவு படிந்திருக்கும். அந்தப் பட்டறைக்காரனோடு இரண்டு தடவை வாய்ச்சண்டையும் போட்டிருந்தார். எல்லாம் தெரியும். தெரிந்தும் குழாயை டிரம்முக்குள் திருப்பினார்.

“கூரை கழுவ வேணாமா?” என்று முனிலட்சுமி உள்ளேயிருந்து கேட்டாள்.

“உன் வேலையப் பாரு.”

பெட்டைத் தொட்டியில் மூன்று வாளி ஊற்றினார். பெட்டைக்குத்தான் அதிகம் வேண்டும். டிரம்மில் மிச்சம் இருந்த ஒரு வாளியை ஆண் தொட்டியில் ஊற்றினார். பெட்டைகள் உடனே மேலும் கீழும் ஓட ஆரம்பித்தன. அலைகிறது, நாளைக்கு முட்டைதான் என்று சந்தோஷமாக டீ கேட்டார்.

அது முட்டைக்கு அலைந்த அலைச்சல் இல்லை.

காலையில் பதினாலும் மல்லாந்து கிடந்தன. ஆண் தொட்டியில் பதினெட்டில் ஆறு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. நாராயணப்பன் பெட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து தினத்தாள் மேல் வரிசையாக வைத்தார். குங்குமம் வெளுத்துப் போயிருந்தது. எதற்கு வரிசையாக வைக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

“கேட்டேன், கூரை கழுவ வேணாமான்னு” என்றாள் முனிலட்சுமி.

“கேட்டே.”

“என்ன சொன்னே?”

அவள் விளக்கமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். போகிற போக்கில், “பேட்டரிக்காரனத் திட்டிக்கினு இருந்தா ஆச்சா? உன் கையிலதானே வாளி இருந்துச்சு” என்றாள்.

அந்த வாரம் முழுக்க நாராயணப்பன் வலையோடு அலைந்தார். லாரி நிற்கிற இடத்து ஓரச் சாக்கடையில் தேடினார், கொசுப்புழுகூட இல்லை. புங்கேரியின் உபரி ஒரு காலத்தில் போன ஓடைகளில் தேடினார். வீட்டு மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். சானமாவுப் பக்கம் காட்டு ஓரத்துக் குட்டையில் கால் வைத்தபோது ஃபாரஸ்ட் வாட்சர் ஒருவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“யோவ் பெருசு, ஆனை நாலு உள்ள நிக்குது, நீ வலைய வீசிக்கினு நிக்கிறே? மேல வா.”

“ஒரு மீனு பாக்கணும்ப்பா. சின்ன மீனு.”

“ஆனைக்கு அதெல்லாம் தெரியாது. மேல வாய்யா.”

குட்டையில் இருந்தது ஜிலேபிக் கெண்டை மட்டும். எங்கே போனாலும் அந்த எழவுதான் இருக்கிறது.

விஷயத்தை மறைக்க முடியவில்லை. போனில் அண்ணாதுரை கேட்டபோது ‘பெட்டைத் தொட்டி போச்சு’ என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல், வியாழக்கிழமையே இரண்டு பேரும் வந்து நின்றார்கள். பொற்கொடி ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டைப்பையில் ஈரத்துணியைச் சுற்றி கவர்கள். ஆளுக்கு ஆள் தங்களிடம் இருந்த மீனை ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

“இதுக்குத்தான அண்ணாச்சி மூணு வீட்ல வச்சோம்” என்றான் அண்ணாதுரை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “எங்கிட்ட ஒம்பது, தங்கச்சிகிட்ட பதினொண்ணு. இருவது மீனு இருக்குல்லா? என்ன போச்சுங்கேன்? எங்களுக்குத்தான் கைவரல. உங்க கைக்கு வந்துரும்.”

“இந்தக் கவர்ல இருக்க ரெண்டும் நிச்சயம் பொம்பளதாண்ணே” என்றாள் பொற்கொடி. “வயித்தப் பாருங்க. இம்புட்டுப் பெருசு. தனியா வச்சு முட்டை மஞ்சக்கரு போட்டு வளத்தேன்.”

நாராயணப்பன் கிளாசை எடுத்தார். டியூப் லைட்டைப் போட்டார். கரண்ட் இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவையாவது தன் கண் ஏமாந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டார். வயசாகிவிட்டது, கண் மங்கித்தானே போகும், ஒன்றாவது தவறிப் போயிருக்கும். ஒவ்வொரு மீனாக விட்டார், தூக்கினார், திரும்புகிறவரை காத்திருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பெருவயிறு இரண்டையும் கடைசியில் பார்த்தார். இருபதிலும் கறுப்பு இல்லை. கண் ஒரு தடவைகூட ஏமாறவில்லை. தன் கண்ணின் மேல் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

“எல்லாம் ஆம்பளை” என்றார்.

“அதெப்படி அண்ணாச்சி இருவதும்?” அண்ணாதுரை சிரித்தான். “அப்படி அமையுமா என்ன?”

“அமையல. நான்தானே பொறுக்கிக் குடுத்தேன்.”

அண்ணாதுரையின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“மூர்த்தி வித்தான்ல” என்றார் நாராயணப்பன். “அதுலேர்ந்து யாருக்கும் பெட்டை குடுக்கறதில்ல. நீங்க விப்பீங்கன்னு சொல்லல. யாரு எப்ப மாறுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“அப்ப தண்ணி?” என்றாள் பொற்கொடி.

அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி சரியில்லன்னு சொன்னீங்கள்ல? கேன் தண்ணி வாங்கி ஊத்துனேன். வெளிச்சம்னீங்க. பகல்லயும் வீட்ட இருட்டாக்கிட்டு இருந்தேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்காம தொட்டி முன்னாடி உக்காந்து கெடந்தேன், முட்டை ஒட்டிருக்கான்னு. அப்புறம் ராசின்னீங்க.” அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் பரவாயில்லை. “எனக்குக் கல்யாணமாகி ஏழு வருசம்ண்ணே. எங்க மாமியா அந்தத் தொட்டியப் பாத்து என்ன சொல்லும்னு உங்களுக்குத் தெரியுமா? ‘இவ வீட்ல மீனு கூட...’ன்னு சொல்லும். நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“ஏம்மா, நான் அப்படி நெனைக்கல...”

“நீங்க ஒண்ணும் நெனைக்கலண்ணே. மீனப் பத்தி மட்டும்தான் நெனச்சீங்க. அதுவும் போச்சு.”

ஒரு கவரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அவள் போய்விட்டாள். அண்ணாதுரை வாசல்வரை போய்த் திரும்பிவந்து, வெறும் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு, “ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றான். அவனும் போனான்.

தொட்டிகளில் இருபத்தாறு ஆண் மீன். ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிந்தன. முனிலட்சுமி இரண்டு நாள் சோறு வைத்தாள், பேசவில்லை.

சனிக்கிழமை நாராயணப்பன் மூர்த்தி கடைக்குப் போனார். மூன்று வருஷமாக அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போன ஆள். அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மூர்த்தி தங்கமீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

“அடடே, வா குரு. துப்பாம உள்ள வந்துட்டே?”

“அந்த நாப்பது மீனு யாருக்கு வித்தே?”

“மூணு வருசம் கழிச்சுக் கேக்கறே.”

“இப்பக் கேக்கறேன்.”

“ஜெயநகர்ல ஒரு பேங்க்காரரு. ரிடையர் ஆனவரு. நம்ம நாட்டு மீனா தேடித் தேடி வளக்கறவரு. விக்கறவரு இல்ல.” மூர்த்தி தீனி டப்பாவை மூடினான். “கடைக்காரன் மீன விக்காம பூஜையா பண்ணுவான்? வித்தேன். ஆனா யாருக்கு வித்தேன்னு நீ ஒரு நாளு கேட்டியா? துப்பத்தான் தெரிஞ்சுது. இப்ப நூறு நூத்தம்பது இருக்குதாம் அவருகிட்ட. சிமெண்டுத் தொட்டி கட்டி விட்டிருக்காரு. தன்னால குஞ்சு பொரிக்குதாம்.”

நூற்றைம்பது. எவனை நம்பக்கூடாது என்று நாராயணப்பன் பூட்டி வைத்தாரோ, அவன் விற்ற மீன் பிழைத்திருக்கிறது. பூட்டி வைத்தது செத்துவிட்டது.

“அட்ரஸ் குடு. நாளைக்கே போறேன்.”

“நீ போக வேணாம். அந்தப் பொண்ணு பொற்கொடி நேத்தே வந்துச்சு. எல்லாம் சொல்லுச்சு. நான் போன் பண்ணிக் குடுத்தேன். அவருகிட்டயும் எல்லாம் சொல்லுச்சு. ‘ஆ மனுஷ்யனிகெ கொடல்ல’ன்னுட்டாரு. அந்த ஆளுக்குக் குடுக்க மாட்டாராம். அந்தப் பொண்ணுக்கும் சங்கரன்கோயில்காரனுக்கும் குடுக்கறாரு. நாளைக்கு ரெண்டு பேரும் போறாங்க.”

“மீனு என்னுது மூர்த்தி. புங்கேரியில எறங்கி அள்ளுனவன் நான்.”

“ஆமா குரு. இல்லேன்னா சொன்னேன்?” என்றான் மூர்த்தி. அதில் கேலி இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து நாராயணப்பன் பஸ் ஸ்டாண்டில் நின்றார். வீட்டில் இருக்க முடியவில்லை. பெங்களூர் பஸ் ஒவ்வொன்றும் வந்து ஆளைக் கொட்டிவிட்டுப் போயிற்று. ஒரு மணிக்கு மேல் ஒரு பஸ்ஸிலிருந்து பொற்கொடி இறங்கினாள், பின்னால் அண்ணாதுரை. அவளுடைய கட்டைப்பை ஈரமாக இருந்தது. இவரைப் பார்த்தாள். பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணாதுரைதான் வந்தான். “ஆறு குடுத்தாரு அண்ணாச்சி. ஆம்பள எது பொம்பள எதுன்னு அவருக்கும் தெரியலயாம். எல்லாம் ஒண்ணாக் கெடக்கு, வலைய விட்டு வந்தத அள்ளிப் போட்டாரு. ஆறும் ஆம்பளயாப் போயிட்டா என்ன செய்ய? திரும்பப் போயி நிக்க முடியுமா?”

“பையக் குடு. பாத்துச் சொல்றேன்.”

“தர மாட்டேன்” என்றாள் பொற்கொடி. பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். “எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்.”

நாராயணப்பன் சுற்றிலும் பார்த்தார். கொய்யா வண்டிக்காரன், டைம்கீப்பர், மூட்டையோடு நிற்கிற ஜனம். கட்டிய பெண்சாதிக்குக்கூட நாலு வருஷமாகச் சொல்லாத விஷயம். சொல்லிவிட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது?

“வெளிச்சத்துக்கு எதுக்கத் தூக்கிப் பிடிம்மா” என்றார். “அடித்துடுப்பு உடம்புல ஒட்டுது பாரு, அந்த வேருல. மீனு திரும்பறப்ப ஒரு கறுப்புத் தெரியும், அரைக் கடுகு அளவுக்கு. தெரிஞ்சா பெட்டை. நல்லாப் பாத்துக்கினே இருக்கணும், கண்ணு சிமிட்டுனா போச்சு.”

“இம்புட்டுத்தானா?” என்றாள்.

“இம்புட்டுத்தான்.”

கவருக்கு இரண்டு மீனாக மூன்று கவர். பொற்கொடி முதல் கவரை உச்சி வெயிலுக்கு எதிரே தூக்கினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். லைனில் கடுகு மாதிரிச் சாமானைப் பொறுக்கிப் பழகின கண். கொஞ்ச நேரத்தில், “இருக்கு” என்றாள். அவளையும் மீறி முகம் மலர்ந்தது. இவர் ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டது. இரண்டாவது கவரில் இன்னொன்று. மூன்றாவதை வெகுநேரம் பார்த்துவிட்டு இறக்கினாள். “ரெண்டு பொம்பள. நாலு ஆம்பள.”

“ரெண்டு போதும்!” என்று அண்ணாதுரை கைதட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “தங்கச்சி, அந்தக் கடைசிக் கவரு ரெண்டும் ஆம்பளதான? அத அண்ணாச்சிக்குக் குடுத்துருவோமா? நமக்கு எதுக்கு? அவரும் பாவம், வெறுங்கையாப் போவாரு.”

பொற்கொடி யோசித்தாள். பிறகு மூன்றாவது கவரை நாராயணப்பன் பக்கம் நீட்டினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே நீட்டினாள்.

நீட்டின கவரில் வெயில் விழுந்தது. இரண்டில் சின்னது ஒருக்களித்துத் திரும்பியது. வேரில் கறுப்பு.

பெட்டை. கை நீட்டி வாங்கினால் போதும். வீட்டில் இருபத்தாறு ஆண். ஆடி மழைக்குள் குஞ்சு. யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யார் குற்றம்? அவளாகக் கொடுத்தது. கை பாதிவரை போனது.

போன கையைக் கீழே போட்டார்.

“மூணு” என்றார்.

“என்னது?”

“மூணு பெட்டைம்மா. அந்தக் கவர்ல சின்னது பெட்டை. நீ சரியாப் பாக்கல.”

பொற்கொடி கவரை மறுபடி வெயிலுக்குத் தூக்கினாள். மீன் இரண்டும் மூலையில் வாலை ஆட்டிக்கொண்டு நேராக நின்றன, திரும்பினால்தானே? அவள் கவரைத் தட்டினாள். திரும்பவில்லை. கையை இறக்கி இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியல.”

“எனக்குத் தெரிஞ்சுது.”

“உங்களுக்கு எப்பவும் தெரியும்ண்ணே. எங்களுக்குத்தான் தெரியாது.”

“சத்தியமாச் சொல்றேன். அத ஆம்பளைகூட விட்டுறாத. போடுற முட்டையெல்லாம் தின்னுடும் அதுங்க. தனியா வை. கவர ஒரு நிமிஷம் குடு, திரும்ப வச்சுக் காட்டறேன்.”

“குடுத்தா?”

“குடுத்தாக் காட்டறேன்னுதானே சொல்றேன்!” அவர் போட்ட சத்தத்தில் கொய்யா வண்டிக்காரன் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். “எனக்கு வேணும்னா சும்மா வாங்கிக்கினு போயிருப்பேனே! நீதானே குடுத்தே? பொய் சொல்றதுக்கு எனக்கு என்ன லாபம்?”

“போன தடவையும் என்ன லாபம்னு எனக்குத் தெரியலண்ணே” என்றாள் பொற்கொடி. மூன்றாவது கவரையும் பைக்குள் வைத்து ஈரத்துணியால் மூடினாள். “வேணாம். ஆறும் எங்ககிட்டயே இருக்கட்டும்.”

ராயக்கோட்டை ரோடு டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணாதுரை படியில் கால் வைத்துக்கொண்டே, “பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி, போன் பண்ணுதேன்” என்றான். அவன் நம்பினானா என்று அவன் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

நாராயணப்பன் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். “சின்னதும்மா. வால் நுனி கொஞ்சம் கிழிஞ்சிருக்கும் பாரு, அதுதான். தனியா வை.”

அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் பின்வாங்கி, திரும்பி, வாசலைப் பார்த்து நகர்ந்தது. அவர் கூடவே பத்தடி நடந்தார். ஜன்னலுக்குள் அவள் பைக்குள் கையை விட்டு ஒரு கவரை எடுப்பதும், வெளிச்சத்துக்கு எதிரே தூக்குவதும் தெரிந்தன. எந்தக் கவர் என்று தெரியவில்லை. அதற்குள் பஸ் ரோட்டில் ஏறிவிட்டது.